பழைய விளையாட்டும் புதிய கணினியும்

பகல் முழுதும் அலுவலகத்தில் கணினியின் முன் அமர்ந்து கண் சிவந்து வீடு திரும்பும் ஒருவர், இரவிலும் அதே கணினியைத் திறந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு விளையாட்டை மீண்டும் ஆடுகின்றார் என்றால், கேட்போர் நகைக்கவே செய்வர். "புதியன எத்தனையோ வந்து குவிந்து கிடக்கையில் இந்தப் பழங்கஞ்சி எதற்கு?" என்பர் சிலர். "கழிந்த காலத்தை எண்ணி உருகுவது மூப்பின் அறிகுறி" என்பர் வேறு சிலர். நம் நண்பர்களும் இவ்விரண்டையும் நம்மிடம் கூறியதுண்டு. பழங்கஞ்சியின் சுவை தோட்டத்தில் பிறந்தவர்க்குத் தெரியும் என்று சொல்லி அப்போது தப்பித்துக்கொண்டோம். ஆயினும் அது முழு விடையன்று. முழு விடையை அமைந்திருந்து எழுதிப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நாம் கூறும் விளையாட்டு ஓட்டமும் சுடுதலும் உள்ளதன்று. விரைவு அதற்கு வேண்டுவதில்லை. திரையில் ஒரு காட்சி தோன்றும். துறைமுகமாகவோ, சமையற்கூடமாகவோ, இடிந்த மாளிகையாகவோ அது இருக்கும். கதைத் தலைவன் அதில் நிற்பான். 'மவுஸ்' எனப்படும் சுட்டியால் ஒரு பொருளைக் காட்டி, "எடு" என்றோ "திற" என்றோ நாம் ஏவினால் அவன் செய்வான். அல்லது ஆகாதென்று மறுப்பான். ஒரு கதவு பூட்டியிருக்கும். அதன் சாவி ஒருவனிடம் இருக்கும். அவனுக்கோ வேறொரு பொருள் வேண்டும். அப்பொருள் மற்றொரு புதிருக்குள் ஒளிந்து கிடக்கும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக முடிச்சுகளை அவிழ்த்துச் சென்றால் கதை வளரும். ஆங்கிலத்தில் இவ்வகையைப் 'பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வென்ச்சர்' என வழங்குவர். சுட்டியால் ஆடும் புதிர்க்கதை என்று நாம் கூறிக்கொள்வோம்.

இவ்வகைக்கு வித்திட்டது 1980ஆம் ஆண்டில் வெளிவந்த 'மிஸ்டரி ஹவுஸ்' என்பதாகும். அமெரிக்காவில் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் பெண்மணியும் அவர்தம் கணவர் கென் வில்லியம்ஸும் ஆப்பிள் கணினிக்கென அதனை ஆக்கினர். அதுவரை எழுத்தால் மட்டுமே கதை சொல்லி வந்த இத்தகைய விளையாட்டில் கோட்டோவியங்களைச் சேர்த்ததே அதன் புதுமை. அவ்விருவர் கண்ட சியர்ரா நிறுவனம் 1984இல் 'கிங்ஸ் குவெஸ்ட்' என்பதை வெளியிட்டது. அதில் கதைத் தலைவன் திரையில் நடமாடினான். ஆனால் அவனுக்கு இடும் கட்டளைகளை ஆங்கிலச் சொற்களாகத் தட்டெழுத வேண்டியிருந்தது. எந்தச் சொல் கணினிக்கு விளங்கும், எந்தச் சொல் விளங்காது என்று தேடுவதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடும்.

1987ஆம் ஆண்டில் லூக்காஸ்பிலிம் கேம்ஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ரான் கில்பர்ட், கேரி வின்னிக் ஆகிய இருவரும் 'மேனியாக் மேன்ஷன்' என்னும் ஆட்டத்தில் இத்தொல்லையைப் போக்கினர். வேண்டிய கட்டளைச் சொற்கள் பதினைந்தையும் திரையின் அடியிலேயே வரிசையாக எழுதி வைத்துவிட்டனர். சொல்லைச் சுட்டு, பொருளைச் சுட்டு, அவ்வளவே! பின்னர் அச்சொற்கள் குறைந்துகொண்டே வந்தன. 1991இல் வெளிவந்த 'மங்கி ஐலண்ட்' இரண்டாம் ஆட்டத்தில் ஒன்பது சொற்களே எஞ்சின: திற, மூடு, தள்ளு, இழு, கொடு, எடு, பார், பேசு, பயன்படுத்து.

இச்சொற்களை நாம் முதன்முதலாகக் கண்டது 1992ஆம் ஆண்டில். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்து, கிள்ளானில் மாமா வீட்டில் தங்கிப் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தோம். மாமா கணக்கெழுதும் கடை வைத்திருந்தார். இரவு எட்டு மணிக்குக் கடை அடைத்த பின்னர், எட்டரை முதல் ஒன்பதரை வரை கடையின் கணினியைத் தொடுவதற்கு மச்சானுக்கும் நமக்கும் அனுமதி உண்டு. அதில் 1990இல் வந்த முதல் 'மங்கி ஐலண்ட்' இருந்தது. பள்ளியில் மலாய்மொழியைப் பிடித்துக்கொள்வதற்கே மூச்சு முட்டிய அவ்வாண்டில், ஆங்கிலம் நமக்கு எட்டாக் கனியாக இருந்தது. 'ஓப்பன்', 'குளோஸ்', 'புஷ்', 'புல்', 'கிவ்', 'பிக் அப்' என்று திரையின் அடியில் நின்ற சொற்களைச் செய்து பார்த்தே பொருள் கண்டோம். சொல்லைச் சுட்டிய மறுகணம் கதைத் தலைவன் அதனைச் செய்து காட்டுவான். அகராதி புரட்ட வேண்டியதில்லை. ஒருநாள் வங்கியின் கண்ணாடிக் கதவில் 'புல்' என்று எழுதியிருக்கக் கண்டு, பொருள் உணர்ந்து இழுத்து உள்ளே சென்றபோது, நம் நெஞ்சில் எழுந்த பெருமிதம் இன்றும் மறக்கவில்லை.

இவற்றைத் தமிழ் இலக்கணத்தார் ஏவல் என்பர். தோட்டத்துப் பிள்ளைக்கு ஏவல் புதிதன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் மண்டோர் ஏவினார். அலுவலகத்தில் கிராணியார் ஏவினார். நம் தாயும் தந்தையும் ஏவப்பட்டனர். வினைச்சொல்லின் இந்த வடிவம் பிறர் வாயினின்றும் புறப்பட்டு நம்மவர் மேல் வந்து விழுவதற்கே ஏற்பட்டது போலும் என்று பதின்மூன்று வயது வரை எண்ணியிருந்தோம். கடை அடைத்த பின் கிட்டிய அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஏவல் நம் கையில் இருந்தது. ஏவியது நடக்காவிடினும் ஏவியவனை எவரும் ஏசவில்லை. "அது ஆகாது" என்று கதைத் தலைவன் சொல்வான். நாம் வேறொன்றை ஏவுவோம். இந்தச் சிறிய உரிமை எத்துணைப் பெரியது என்பதை அன்று நாம் அறிந்திலோம்.

அவ்வுரிமை தானே வந்ததன்று. அதனை ஒருவர் எண்ணிப் பார்த்து அமைத்தார் என்பது பிற்காலத்தில் படித்து அறிந்த செய்தியாகும். அக்காலத்து விளையாட்டுகள் பல ஆடுவோரைக் கொன்றே பாடம் கற்பித்தன. ஓரடி தவறினால் பள்ளத்தில் விழுந்து மாய்வது சியர்ரா ஆட்டங்களில் அன்றாட நிகழ்ச்சி. அதனினும் கொடியதொன்று உண்டு. 1990இல் வெளிவந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' ஐந்தாம் ஆட்டத்தில், ஊர்த் தெருவில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்த நொடியில் பூனையின் மேல் ஒரு பழஞ்செருப்பையாவது ஒரு கோலையாவது எறிந்து எலியைக் காத்திருக்க வேண்டும். காவாதவன், நெடுநேரம் கழித்து ஒரு நிலவறையில் கட்டுண்டு கிடக்கும்போது, கயிற்றைக் கடித்து அவிழ்க்க அந்த எலி வாராது. ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். எப்போதோ செய்யத் தவறியதற்கு இப்போது தண்டனை! எதற்காக என்றும் தெரியாத தண்டனை! இதனால் அறிவு வளருமா, அச்சம் வளருமா என்பதை நேயர்களே சிந்திப்பார்களாக.

ரான் கில்பர்ட் 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். புதிர்க்கதை விளையாட்டுகளின் குறைகளை வரிசைப்படுத்தி, அவை இருக்க வேண்டிய முறையை அதில் எடுத்துரைத்தார். செத்துச் செத்துக் கற்கும்படி ஒரு புதிரை அமைத்தலாகாது. முன்னர் எடுக்க மறந்த பொருளுக்காக ஆடுவோனைத் திரும்ப முடியாத இடத்தில் சிக்க வைத்தலாகாது என்பன அவர் வற்புறுத்திய கருத்துகளிற் சில. மறு ஆண்டில் டிம் ஷேபர், டேவ் கிராஸ்மன் ஆகியோரோடு கூடி அவர் எழுதிய 'மங்கி ஐலண்ட்' அக்கருத்துகளுக்கு உருவம் கொடுத்தது. கைப்ரஷ் திரீப்வுட் என்னும் பேதை இளைஞன் கடற்கொள்ளையன் ஆக விரும்பி ஒரு தீவுக்கு வருகின்றான். அவன் எத்தனை முறை பிழை செய்தாலும் சாவதில்லை. நீருக்கடியில் பத்து நிமிடம் மூச்சடக்க வல்லவன் என்று பெருமை பேசும் அவன், அதற்கு மேலும் அங்கேயே கிடந்தால் மட்டுமே இறப்பான். அதுவும் ஒரு வேடிக்கைக்காக வைத்தது.

நிற்க. இத்தகைய ஆட்டத்தை இன்றைய கணினியில் ஆடுவது எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது. பழைய வட்டு இருந்தால் போதுமே என்று எண்ணுவோர் உளர். வட்டு இருப்பினும், அதனைச் செருகும் வாயில் இன்றைய கணினியில் இல்லை. எவ்வாறேனும் உள்ளே ஏற்றிவிட்டாலும், அவை 'டாஸ்' என்னும் பழைய இயக்க முறைக்கென எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸ், பழைய 16 பிட் ஆணைத்தொடர்களை இயக்காது. ஓடினாலும் பொறியின் வேகத்தைக் கொண்டே காலத்தைக் கணக்கிட்ட ஆட்டங்கள் சில, புதிய பொறியில் தலைதெறிக்க ஓடித் தடுமாறும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அக்காலத்துப் படங்கள் அகலத்தில் 320, உயரத்தில் 200 புள்ளிகளால் ஆனவை. மொத்தம் 64,000 புள்ளிகள். இன்று பரவலாக உள்ள 1920க்கு 1080 திரையில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. அப்பழைய படம் அன்றைய குழாய்த் திரையில் சற்று மேல்நோக்கி நீண்டு தோன்றுமாறு வரையப்பட்டது. அதனை அப்படியே இன்றைய திரையில் இட்டால் மனிதர் அனைவரும் குட்டையாகி, நிலவும் தட்டையாகிவிடும். உயரத்தை 240 என்னும் அளவுக்கு நீட்டிக் காட்டினால்தான் ஓவியர் எண்ணிய உருவம் திரும்பும்.

இவ்வளவு இடையூறுகளையும் களைந்தவர் யாவர்? விளையாட்டை விற்றுப் பொருள் ஈட்டிய நிறுவனங்களா? பெரும்பாலும் அல்ல. 2001ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லுட்விக் ஸ்ட்ரிகியஸும் வின்சென்ட் ஹாம் என்பவரும் 'ஸ்கம்விஎம்' என்னும் மென்பொருளைத் தொடங்கினர். பின்னர்ப் பல நாட்டு ஆர்வலர்கள் கூலி எதுவும் கருதாது அதில் உழைத்தனர், இன்றும் உழைக்கின்றனர். அது செய்யும் வேலையை விளக்க, நமக்குத் தெரிந்த ஓர் உவமை போதும். ஓலைச்சுவடி கெடாமல் இருக்கின்றது; ஆனால் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லை. அப்போது சுவடி இருந்தும் இல்லாததே. பழைய விளையாட்டுகளிலும் படம், இசை, உரையாடல், புதிரின் முறை ஆகியன தனிக் கோப்புகளில் சுவடி போல் இருந்தன. அவற்றைப் படித்து நடத்திக் காட்டும் நிரல் வேறாக இருந்தது. அந்த நிரல்தான் பழைய பொறியோடு மாண்டது. ஸ்கம்விஎம் செய்தது, சுவடியைத் தொடாமல், புதிதாக ஒரு படிப்பாளியைப் பயிற்றுவித்ததே. அப்படிப்பாளி விண்டோஸிலும் படிப்பார், கைபேசியிலும் படிப்பார்.

2002இல் முதன்முதலாக வெளிவந்த 'டாஸ்பாக்ஸ்' வேறு வழி சென்றது. அது புதிய கணினிக்குள் பழைய கணினி ஒன்றையே பாவனையாக உண்டாக்கி, பழைய நிரலைப் பழைய வேகத்தில் ஓடச் செய்தது. இவ்விரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. விளையாட்டின் கோப்புகளை மட்டும் நாம் முறையாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலும் பெருந்தன்மை காட்டியவர் உண்டு. இங்கிலாந்தின் ரெவலூஷன் சாப்ட்வேர் நிறுவனம், 1994இல் வெளிவந்த தன் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' என்னும் ஆட்டத்தை 2003இல் எல்லார்க்கும் இலவசமாக்கியது. ஸ்கம்விஎம் குழுவினர் அதனை இயங்கச் செய்வதற்குத் துணையும் நின்றது.

இது சிறு தொண்டு என்று எவரும் எண்ணவேண்டா. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் தன் ஆய்வில் தெரிவித்தது. நூறு நூல்கள் எழுதப்பட்ட ஒரு மொழியில் பதின்மூன்று மட்டுமே கடையில் கிடைக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள்! புகழ்பெற்ற சில ஆட்டங்களுக்கு நிறுவனங்களே புதுப்பதிப்பு வெளியிட்டன என்பதும் உண்மை. 'மங்கி ஐலண்ட்' 2009இலும், 'கிரிம் பண்டாங்கோ' 2015இலும், 'டே ஆப் தி டென்டகிள்' 2016இலும் புத்துருவம் பெற்றன. ஒரு விசையை அழுத்தினால் புதுப்படம் மறைந்து பழைய படம் தோன்றும் வசதியும் 'மங்கி ஐலண்ட்' புதுப்பதிப்பில் உண்டு. ஆயினும் பெயர் பெற்றவற்றுக்கே இந்த நல்வாய்ப்பு. பெயர் பெறாதவற்றைக் காப்பவர் தொண்டர்களே.

பொறியின் தடை நீங்கியது. இனி மனத்தின் தடையைக் கூறுவோம். ஒருமுறை ஆடி முடித்த புதிர்க்கதையை மறுமுறை ஆடும்போது, விடை முன்னரே தெரிந்திருப்பதால், திகைப்பு என்பது இல்லை. மறந்துபோன ஓரிடத்தில் சற்று நின்றாலும், கைபேசியைத் தொட்டால் விடை உடனே வந்து நிற்கும். முன்னாளில் விடை வேண்டுவோர் குறிப்புப் புத்தகம் வாங்க வேண்டும். சியர்ரா வெளியிட்ட சில புத்தகங்களில், சிவப்புத் தாள் ஒன்றின் வழியே நோக்கினால்தான் விடை கண்ணுக்குத் தெரியும். அவசரக்காரர் அடுத்த விடையையும் சேர்த்துப் படித்துவிடாமல் இருக்க அவ்வேற்பாடு. கிள்ளானில் நமக்கு அந்தப் புத்தகமும் இல்லை. ஒரே புதிரில் மூன்று வாரம் கிடந்து, பள்ளிப் பேருந்தில் மச்சானோடு வாதாடி, உறங்கி விழித்துப் பல் துலக்கும் வேளையில் விடை தோன்றிய நாளும் உண்டு. அத்தகைய நாளை விலைக்கு வாங்க இயலாது. இன்று அதனை நாமே விரும்பி உண்டாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

ஆகவே, தனியே ஆடுவதைவிட, இதுவரை ஆடாத ஒருவர் அருகே அமர்ந்து அவர் ஆடுவதைக் காண்பதே மறு ஆட்டத்தின் தலையாய பயன் என்று கண்டோம். நம் தங்கை மகளுக்குப் பதினொரு வயது. கூர்மையான பிள்ளை; எனினும், வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்க மாட்டாள். அவள் சென்று வந்த ஒரு தனிப்பயிற்சி வகுப்பில், பிழையான விடை ஒவ்வொன்றையும் ஐம்பது முறை எழுதச் செய்வார்களாம். வீட்டுப் பாடம் எழுதும்போது அவள் இடக்கையில் எப்போதும் அழிப்பான் இருக்கும். எழுதுமுன்னரே அழிக்க அணியமாய் இருக்கும் அக்கையைக் கண்டு தங்கை வருந்துவாள். நமக்கும் வருத்தமே. சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் அவள் நம் வீட்டில் தங்கியபோது, 'மங்கி ஐலண்ட்' ஆட்டத்தைத் திறந்து அவள் முன் வைத்தோம். திகைத்து நின்றால் ஓர் இரவு உறங்கி எழாமல் எவரிடமும் விடை கேட்பதில்லை என்பது ஒன்றே நாம் இட்ட நிபந்தனை.

முதல் நாள், ஒவ்வொரு முறை சுட்டியை அழுத்துமுன்னும் அவள் நம் முகத்தைப் பார்த்தாள். "மாமா, இது சரிதானே? தப்பாக அழுத்தினால் செத்துவிடுவானா?" என்று கேட்டாள். "அழுத்திப் பார், அம்மா" என்றோம். அவள் அழுத்தினாள். "ஆகாது" என்றான் கைப்ரஷ். அவள் நம்மைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. "அவ்வளவுதானா?" என்றாள்.

அந்த ஆட்டத்தில் வாட்போர் ஒன்று உண்டு. வெற்றியை நிலைநாட்டுவது வாளன்று, வாய்ச்சொல். எதிரி ஓர் ஏச்சு வீசுவான்; அதற்குத் தக்க எதிர்ச்சொல் சொன்னால் நாம் முன்னேறுவோம்; தெரியாவிடில் பின்வாங்குவோம். எதிர்ச்சொற்களைக் கற்பது எப்படி? எவரும் சொல்லித் தருவதில்லை. ஒருவன் வீசிய ஏச்சுக்கு மறுமொழி தெரியாமல் தோற்க வேண்டும். அந்த ஏச்சை நினைவில் வைத்து, அடுத்தவன் மேல் அதனையே நாம் வீச வேண்டும். அவனுக்கு மறுமொழி தெரிந்திருந்தால் சொல்லி நம்மை மடக்குவான். மடங்கிய அந்தக் கணமே மறுமொழியும் நமதாகும். நம்மை வென்ற வினாவைக் கொண்டே பிறரிடம் விடையைப் பெறும் இம்முறையை வகுத்தவர் அறிவை என்னென்பது!

நான்காம் நாள் மாலை, அவள் குறிப்பேட்டில் இரண்டு பத்தி வரைந்து ஏச்சை ஒருபுறமும் மறுமொழியை மறுபுறமும் எழுதிக்கொண்டிருந்தாள். தெருத்தெருவாகக் கொள்ளையரைத் தேடிப் போய்த் தோற்றுக்கொண்டிருந்தாள். தங்கை அடுப்படியினின்று எட்டிப் பார்த்து, "என்னடி, தோற்றுக்கொண்டே இருக்கிறாய்?" என்று கேட்டாள். பிள்ளை தலை நிமிராமல், "தோற்றால்தானே அம்மா அடுத்தது தெரியும்" என்றாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அழிப்பான் மேசையின் மறுகோடியில் கிடந்தது.

குறிப்பேடு நிரம்பியதும் தீவின் வாள்வித்தைத் தலைவியோடு மோதினாள். ஆங்கேதான் ஆசிரியர்கள் தம் திறத்தைக் காட்டியுள்ளனர். அத்தலைவி வீசும் ஏச்சுகள் அனைத்தும் புதியவை. குறிப்பேட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் மறுமொழிகள் பழையவையே. பழைய விடைகளுள் எது புதிய வினாவுக்குப் பொருந்தும் என்று பொருளுணர்ந்து தேர வேண்டும். பத்தி பத்தியாக மனப்பாடம் செய்தவர் இங்கே தோற்பர். பொருள் அறிந்தவரே வெல்வர். அன்று அவள் இருமுறை தோற்றாள், உறங்கச் சென்றாள், மறுநாட் காலையில் பசியாறுமுன்னரே வென்றாள்.

இன்னோரிடத்தில் கைப்ரஷை ஒரு கனத்த சிலையோடு பிணைத்துக் கடலில் தள்ளிவிடுவர். அவனைச் சுற்றிக் கத்தியும் வாளும் கைக்கெட்டாத் தூரத்தில் கிடக்கும். கயிற்றை அறுக்க வழி தேடித் தேடிச் சலிப்போம். விடை யாதெனில், அந்தச் சிலையையே கையில் எடுத்துக்கொண்டு நடந்து வெளியேறுவது! "எடு" என்னும் ஏவலை எல்லாப் பொருள்மேலும் செலுத்திப் பார்த்த நமக்கு, நம்மைப் பிணைத்திருந்த பொருள்மேல் செலுத்தலாம் என்று தோன்றவே அன்று பல நாள் பிடித்தது. பிள்ளைக்கு அரை மணி நேரம் போதுமானதாயிற்று.

கதையின் முடிவு நம் வாசகப் பெண்மணிகளுக்குப் பெரிதும் உவப்பானது. தீவின் ஆளுநராகிய எலேன் மார்லியைப் பேய்க் கொள்ளையன் கவர்ந்து சென்று வலிந்து மணக்க முற்படுகின்றான். காப்பாற்றுவதற்காகக் கைப்ரஷ் திருமண மண்டபத்துள் பாய்கின்றான். அங்கே வெளியாவது, அவள் தன்னைத் தானே முன்னரே மீட்டுக்கொண்டுவிட்டாள் என்பதும், தலைவன் புகுந்து அவளது சூழ்ச்சியைக் கெடுத்தான் என்பதுமே. நம் பிள்ளை கைகொட்டி நகைத்தாள்.

இவ்விளையாட்டுகளில் குறையே இல்லை என்று நாம் கூற வந்தோமில்லை. தீவில் வாழ்வோரை மனிதரைத் தின்போராகக் காட்டும் பழைய ஐரோப்பியக் கற்பனை 'மங்கி ஐலண்ட்' ஆட்டத்தில் நகைச்சுவையாகவேனும் இடம்பெற்றுள்ளது. அவ்விடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, அத்தகைய கதைகளைக் கட்டியவர் யார், கட்டியதால் எவருக்கு ஆதாயம் என்று பிள்ளையோடு பேசினோம். புதிர்களிலும் பொருந்தாதன உண்டு. 1999இல் வந்த 'கேப்ரியல் நைட்' மூன்றாம் ஆட்டத்தில், ஒருவனைப்போல் வேடமிடுவதற்குப் பூனை மயிரைச் சேகரித்து மீசை ஒட்ட வேண்டும்! அறிவுக்கு ஒவ்வாத இத்தகைய முடிச்சுகளை எவர் அவிழ்க்க முடியும்? அங்கெல்லாம் விடையைக் கேட்டறிந்து மேலே செல்வதில் இழிவில்லை. பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றுதல் பேதைமை. ஆராய்ந்து, நல்லதைக் கொண்டு, அல்லதைத் தள்ளுவதே நம் வழி.

பிள்ளை இப்போது வகுப்பில் கை தூக்குகின்றாளா என்று கேட்பீர்கள். சில நாள் தூக்குகின்றாள், சில நாள் இல்லை என்று தங்கை கூறுகின்றாள். ஒரு விளையாட்டு ஒரு பிள்ளையின் அச்சத்தை வேரோடு பிடுங்கிவிடும் என்று சொல்ல நாம் மருந்து விற்பவரல்லேம். ஆனால், பிழை செய்தவரைத் தண்டிக்காமல் "வேறொன்று செய்து பார்" என்று மட்டும் சொல்லும் ஓரிடம் உலகில் உண்டு என்பதை அவள் அறிந்துகொண்டாள். அவ்வாறு ஓரிடம் உண்டு என்று அறிந்தவர், மற்ற இடங்களிலும் அதனை எதிர்பார்க்கத் தொடங்குவர். அந்த எதிர்பார்ப்பே முதற்படி.

நேயர்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டா. வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்று போதும். ஸ்கம்விஎம் காசின்றிக் கிடைக்கின்றது. 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' காசின்றிக் கிடைக்கின்றது. தோட்டத்து மண்டபத்திலும், பட்டணத்துப் படிப்பகத்திலும், வார இறுதியில் ஐந்து பிள்ளைகளை ஒரு திரையின் முன் அமர்த்துங்கள். ஒருவர் கையில் சுட்டியைக் கொடுத்து, மற்றவர் வாதாடட்டும். பெரியவர்கள் அருகில் இருங்கள். விடை தெரிந்தாலும் வாய் திறவாதிருங்கள். அதுவே கடினம்! பிள்ளை திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, சரி என்றும் சொல்லாதீர்கள், தவறு என்றும் சொல்லாதீர்கள். "செய்து பார்" என்று மட்டும் சொல்லுங்கள்.